சாவி யார்கிட்ட இருக்கு? மலைப்பாதை கழிப்பறைய பூட்டுன அதிகாரிகளுக்கு மதுரையில இருந்து ஒரு மடல்

கொடைக்கானல் மலைப்பாதையில பஸ் நிக்கிற எடத்துல ஒரு கழிப்பறைய கட்டி, தொறந்து, அப்புறம் பூட்டுனீங்களே, அந்த முடிவுல கையெழுத்து போட்ட ஐயா, அம்மா எல்லாருக்கும் இத எழுதுறேன்.

"பயணிகள் முறையாகப் பயன்படுத்தாத காரணத்தால் மறு உத்தரவு வரும் வரை மூடப்பட்டுள்ளது." கதவுல இதுதான் ஒட்டியிருந்துச்சு. தேதி இல்ல, யார் மூடுனாங்கன்னு பேர் இல்ல, நம்பர் இல்ல. பூட்டு துருப்பிடிச்சு கெடக்கு. வெளிச்சொவத்துல மட்டும் குறிஞ்சிப்பூ படம் நல்லா வரைஞ்சிருக்காங்க. ஜன்னல் வழியா எட்டிப் பாத்தா உள்ள பிளீச்சிங் பவுடர் மூட்டையும் ஒடஞ்ச நாற்காலியும் அடுக்கி வச்சிருக்கீங்க.

எந்த ஸ்டாப்புன்னு பேர் போடல. போட்டா உங்கள யாரும் கேக்கமாட்டாங்க, அங்க கூட்டிப்பெருக்குற ஏதாவது ஒரு அக்கா தலையிலதான் விடியும், அது எனக்கு தெரியும். உங்களுக்கு எந்த எடம்னு தெரியும், அது போதும்.

நான் மதுரையில ஒரு ஜவுளிக்கடையில சேலை செக்சன்ல நிக்கிறேன், 14 வருஷமா. 2021 மே மாசத்துல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லன்னு ஆக்குனாங்கல்ல, அன்னையில இருந்து வேலைக்கு போக வர மிச்சமாகுற காச ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வச்சுக்கிட்டு வாரேன், அதுல கை வைக்கிறதில்ல, வருஷத்துக்கு ஒருக்கா அத ஒடைச்சு எங்கயாவது போவோம். இந்த வருஷம் அழகர் ஆத்துல எறங்கிட்டு மலைக்கு திரும்புன அடுத்த வாரம் கடையில ரெண்டு நாள் லீவு குடுத்தாங்க. நானு, எங்கம்மா, என் மக, மூணு பேரும் ஆரப்பாளையத்துல காலைல பஸ் ஏறுனோம்.

பஸ்ல போறதுன்னா எங்க வீட்டுல ஒரு சட்டம் உண்டு. மொதநாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல யாரும் தண்ணி குடிக்கக்கூடாது. காலைல காபியும் கெடையாது. இது எங்க வீட்டு சட்டம் மட்டும்னு நெனைக்காதீங்க, உங்க வீட்டு பொம்பளைங்ககிட்டயும் கேட்டுப் பாருங்க. எங்கம்மாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, அவங்களால ஒரு மணி நேரத்துக்கு மேல அடக்க முடியாது, தண்ணி குடிக்காம இருந்தா தலை சுத்தும், குடிச்சா இந்த பாடு. வத்தலகுண்டு வரைக்கும் பரவால்ல, பஸ் ஸ்டாண்ட் இருக்கு, அங்க எறங்கி காசு குடுத்து போயிட்டு வந்துட்டோம். அதுக்கு மேல ரெண்டு மணி நேர மலை ஏத்தம்தான் வெனையே.

அழகா இல்லன்னு சொல்லவரல. காமக்காபட்டி செக்போஸ்ட் தாண்டுனதுமே காத்து மாறும், சன்னல் ஓரத்துல ஒக்காந்திருக்கவங்க கண்ணாடிய சாத்தமாட்டாங்க, பின்னாடி இருக்கவங்க சாத்த சொல்லுவாங்க, அந்த சண்டையோடதான் மலை ஏறும். டம்டம் பாறைகிட்ட வரும்போது எதுத்த மலையில எலிவால் அருவி தெரியும். 975 அடிம்பாங்க, ஆனா தூரத்துல இருந்து பாத்தா யாரோ பாறையில சுண்ணாம்புக் கோடு போட்டு விட்ட மாதிரி, அசையாம இருக்கும். கீழ மஞ்சளாறு டேம். 1996ல எங்கப்பா என்னைய மொத மொத கூட்டிட்டு போனப்ப அந்த அருவிய காட்டி "அது கீழ வுழுகுதா மேல ஏறுதா சொல்லு பாப்போம்"னு கேட்டாரு. இப்ப நான் அதே கேள்விய என் மககிட்ட கேட்டேன், அவ போன்ல ஜூம் பண்ணி பாத்துட்டு "கீழதாம்மா"ன்னு முடிச்சுட்டா.

எங்கம்மா எதையும் பாக்கல. முன்சீட்டு கம்பிய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு கண்ண மூடிக்கிட்டாங்க. குளுர ஆரம்பிச்சா அவசரமும் கூடும், ஒடம்பு வாகு அப்டி. ஒவ்வொரு வளைவுலயும் பஸ் குலுங்க குலுங்க அவங்க மொகத்த பாக்க எனக்கு ஆகல. கண்டக்டர் அண்ணன்கிட்ட போய் சொன்னேன், அவரும் பாவம், "இன்னும் கொஞ்ச தூரத்துல பாத்ரூம் கட்டியிருக்காங்கக்கா, அங்க நிறுத்த சொல்றேன்"னாரு. நிறுத்துனாரு. பூட்டு.

ஆம்பளைங்க எறங்குனாங்க, ரோட்டு ஓரத்து கட்டச்சொவர பாத்து வரிசையா நின்னாங்க, பள்ளத்தாக்க பாத்துக்கிட்டே வேலைய முடிச்சாங்க, ஒருத்தர் அப்டியே நின்னு போட்டோவும் எடுத்தாரு. பஸ்ல இருந்த பதினஞ்சு பதினாறு பொம்பளைங்க பூட்டையும் ஒருத்தர ஒருத்தரும் பாத்துக்கிட்டு நின்னோம். பச்சப்புள்ளையோட ஒரு பொண்ணு, காலேஜ் புள்ளைங்க மூணு பேரு, பூம்பாறையில பொண்ண கட்டிக் குடுத்த ஒரு பெரியம்மா, எல்லாரும்தான்.

என் மகளுக்கு 13 வயசு. எறங்குனதும் என் முந்தானைய புடிச்சு இழுத்து காதுல சொன்னா, நாள் ஆயிருச்சுன்னு. இன்னும் ஒரு வாரம் இருக்குன்னு நெனைச்சு வந்தது, பஸ் குலுக்கலோ என்னவோ. அவ வெளிர் ரோஸ் கலர் சுடிதார் போட்டிருந்தா.

பேக்குல பேடு இருந்துச்சு, அதுல கொற இல்ல. எங்க மாத்துறது? அந்த கட்டடத்துக்கு பின்னாடி ஒரு சரிவு, லேண்டனா பொதரு, அங்கிட்டு கூட்டிட்டு போனேன். எங்கம்மா மாத்துச்சேலைய பேக்குல இருந்து உருவி விரிச்சு பிடிச்சாங்க, ஒரு முனைய அவங்க, ஒரு முனைய அந்த பூம்பாறை பெரியம்மா. அவங்க யாரு எவருன்னே தெரியாது, கேக்கவே இல்ல, வந்து பிடிச்சாங்க. நான் நடுவுல புள்ளைக்கு மறைவா நின்னேன். அந்நேரம் மேல இருந்து ஒரு காரு வளைவுல திரும்பி எறங்குது, உள்ள இருந்த பசங்க ஹாரன அடிச்சுக்கிட்டே கத்திக்கிட்டு போறாங்க. என் மக அப்டியே ஒக்காந்துட்டா. "அம்மாச்சி, சேலைய எறக்காதீங்க, எறக்காதீங்க"ன்னு அவ சொன்னது இன்னும் கேட்டுக்கிட்டே இருக்கு எனக்கு. எங்கம்மா கை நடுங்குது, அவங்களுக்கே அவசரம், ஆனா எறக்கல. மாத்துன பேட என்ன பண்றதுன்னு தெரியல. தூக்கி போட்டா கொரங்கு இழுத்துட்டு வந்து ரோட்டுல போடும், ஏற்கனவே அங்க அப்டி நாலஞ்சு கெடந்துச்சு. தினத்தந்தி பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு, கொடைக்கானல் வரைக்கும் மடியிலயே வச்சுக்கிட்டு போனேன்.

முறையா பயன்படுத்தலன்னு எழுதி ஒட்டியிருக்கீங்க, அது யாருங்க? நாங்களா?

எங்கம்மா கதைய கேளுங்க. எதுத்தாப்புல டீக்கடை வச்சிருந்த அக்காகிட்ட நான் போய் நின்னேன், வாயத் தொறக்கவே இல்ல, மூஞ்சிய பாத்தே "வா தாயி, பெரியவங்கள கூட்டிட்டு வா"ன்னு கடைக்கு பின்னாடி அவங்க வீட்டுக்கு கூட்டிட்டு போனாங்க. தகரம் அடிச்ச சின்ன கக்கூசு. "தண்ணிய மட்டும் பாத்து ஊத்துங்க, கீழ இருந்து குடத்துல தூக்கிட்டு வர்றது"ன்னாங்க. காசு குடுத்தேன், வாங்கல. ஒரு டீயாவது வாங்கிக்கிறேன்னா "டீய குடிச்சா மறுபடி போகணும், பேசாம போங்க"ன்னு சிரிக்கிறாங்க. அந்த அக்காதான் சொன்னாங்க, கழிப்பறைய கூட்டி கழுவ ஒருத்தங்கள போட்டிருந்தாங்களாம், மூணு மாசமா சம்பளம் வரலன்னு அவங்க நின்னுட்டாங்களாம், மோட்டார் ரிப்பேராகி தண்ணியும் நின்னுபோச்சாம், அப்பவும் ஜனம் போயிக்கிட்டேதான் இருந்துச்சு, நாறிப்போச்சு, பூட்டிட்டாங்க. இது உண்மையா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். உண்மையா இருந்தா அந்த நோட்டீஸ்ல பயணிகள்னு போட்டிருக்க எடத்துல வேற யார் பேராவது வரணும்.

தண்ணி இல்லன்னு மட்டும் சொல்லிறாதீங்க. இன்னும் கொஞ்சம் மேல போனா வெள்ளி அருவி, 180 அடியில இருந்து கொட்டுது, கொடைக்கானல் ஏரி நெறஞ்சு வழியிற தண்ணி அது. குடிக்க ஆகாது, சரி, கழுவ ஆகும்ல?

நான் மலைக்கு வெளியாளு, அத ஒத்துக்கறேன். மலைய காப்பாத்த நீங்க எடுத்த முடிவு எதையும் நான் கொற சொல்லல. 2024 மே 7ல இருந்து இ-பாஸ் வந்துச்சு, ஹைகோர்ட் சொல்லி. அப்புறம் 2025 ஏப்ரல்ல இருந்து சீசனுக்கு நாளைக்கு 4000 வண்டி, சனி ஞாயிறுன்னா 6000 வண்டிதான்னு அளவு வச்சாங்க. நல்லதுதான், அந்த காரு நெரிசல்ல நானும் மாட்டியிருக்கேன். கவர்மெண்ட் பஸ்ல வர்றவங்களுக்கு பாஸ் வேணாம்னாங்க, அதுவும் நல்லது. 5 லிட்டருக்கு கொறஞ்ச பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் வச்சிருந்தா பாட்டிலுக்கு 20 ரூபா பசுமை வரின்னாங்க, நாங்க எவர்சில்வர் பாட்டில்தான் கொண்டு போனோம், அதையும் தொறந்து காட்டுனேன். எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான, கார விட்டுட்டு பஸ்ல வாங்கன்னு. வந்தோம்ங்க. பேக்குல பாட்டில் இருக்கான்னு பாக்க ஆள் நிக்கிது, கக்கூசு கதவ தொறக்க ஒரு ஆள் இல்ல. காருல வர்றவங்க ஹோட்டல்ல நிறுத்திக்குவாங்க, ரிசார்ட்டுல போயிக்குவாங்க. பஸ்ல வர்ற பொம்பளைக்கு உங்க திட்டத்துல எங்க எடம் வச்சிருக்கீங்க?

ஹோட்டல்னதும் 2018 ஞாபகம் வருது. அந்த வருஷம் குறிஞ்சி பூத்துச்சு, 12 வருஷத்துக்கு ஒருக்கா பூக்குறது, கடையில ஏழு பேரு சேந்து வேன் புடிச்சு போனோம். சரிவு பூரா பூவு, ஊதாவும் இல்ல நீலமும் இல்ல. எங்க செக்சன்ல அந்த கலருக்கு லாவண்டர்னு சொல்லித்தான் விப்போம், ஆனா அன்னிக்கு மலைய பாத்துட்டு வந்ததுக்கப்புறம் அந்த கலர் சேலைய எடுத்துக் காட்டவே எனக்கு கொஞ்ச நாளைக்கு பிடிக்கல, சாயம் வெளுத்த மாதிரி இருந்துச்சு. அந்த ட்ரிப்புலயும் இதே கதைதான். வழியில ஒரு ஹோட்டல்ல "சாப்டா மட்டும்தான் பாத்ரூம்"னு போர்டு. ஏழு பேரும் ஒண்ணுக்கு போறதுக்காக ஆளுக்கு ஒரு காபி வாங்கிக் குடிச்சோம். முக்கா மணி நேரத்துல அந்த காபியே வேலைய காட்டிருச்சு. அன்னிக்கு சிரிச்சோம். ஏழும் பொம்பளைங்க, வேன் நம்ம வேன், சிரிக்க முடிஞ்சுச்சு.

இந்த தடவ மறுநாள் பூம்பாறைக்கு போனோம். மேல ரோட்டுல இருந்து அந்த ஊர பாத்திருப்பீங்க, பள்ளத்துக்குள்ள வீடுங்க நெருக்கி நெருக்கி, சுத்தி வர படிப்படியா வயக்காடு. கஸ்டமர் இருபது சேலைய பிரிச்சு பாத்துட்டு ஒண்ணும் எடுக்காம போனதும் கவுண்டர் எப்டி இருக்கும், ஒண்ணு மேல ஒண்ணா சரிஞ்சு கெடக்குமே, அப்டி இருந்துச்சு எனக்கு. குழந்தை வேலப்பர் கோயிலுக்கு போனோம். மலைப்பூண்டு ஒரு கிலோ வாங்குனோம், 2019ல புவிசார் குறியீடு கெடச்ச பூண்டு, வெல சும்மா இல்ல, ஆனா அத வீட்டுக்குள்ள பொகை போட்டு தொங்க விட்டிருக்க அழக பாத்துட்டு வாங்காம வர மனசு வரல. என் மக ஒண்ணும் பேசல. மொத நாள்ல இருந்தே பேசல. போட்டோ எடுக்க சொன்னா வேணாம்னா. சுடிதார மாத்திட்டா, இருந்தாலும் நடக்கும்போது அடிக்கடி பின்னாடி திரும்பி பாத்துக்கிட்டே வந்தா.

திரும்பி வர்றப்ப எங்கம்மா மத்தியானச் சோறே சாப்பிடல. வத்தலகுண்டு வந்து சேர்ற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வீட்டுக்கு வந்த மூணாம் நாள் நீர்க்கடுப்பு, காய்ச்சல். பார்லி கஞ்சி, இளநி, வெந்தயம்னு பாத்து, கேக்காம, டாக்டர்கிட்ட போயி அஞ்சு நாள் மாத்தர. அடக்கி வச்சதும் தண்ணி குடிக்காததும்தான்னு டாக்டரம்மா திட்டுனாங்க. யாரங்க திட்டணும்?

எனக்கு இது புதுசு இல்ல, அதான் எரிச்சலே. கடையில நாங்க தண்ணி குடிக்காம இருக்க பழகுனவங்க. நாலு மாடி ஏறி போகணும், சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், தீபாவளி ஆடித்தள்ளுபடி சமயத்துல சொல்லவும் முடியாது. 2021ல சட்டத்த திருத்தி கடையில வேல பாக்குறவங்களுக்கு ஒக்கார எடம் குடுக்கணும்னு கொண்டாந்தாங்க. ஸ்டூல் வந்துச்சு. முதலாளி வரும்போது எந்திரிச்சு நிக்கணும்ங்கறது தனிக்கதை, ஆனா வந்துச்சுல்ல. ஒக்கார ஒரு எடம் வேணும்ங்கறதுக்கே இத்தன வருஷம் ஆச்சு. வருஷம் பூரா இப்டி அடக்கிக்கிட்டு நிக்கிறவ, ரெண்டு நாளு மலைக்கு போயாவது நிம்மதியா இருக்கலாம்னு ஹார்லிக்ஸ் பாட்டில ஒடைக்கிறா, அங்கயும் அதையேதான் பண்ணணும்னா எதுக்குங்க மலை?

வந்ததும் மனு எழுதி அனுப்புனேன். ரெண்டு மாசம் கழிச்சு "பரிசீலனையில் உள்ளது"ன்னு ஒரு வரி வந்துச்சு. போன் போட்டு கேட்டேன், எடுத்தவரு "ஒரு அரை மணி நேரம் பொறுத்துக்கிட்டா கொடைக்கானலே வந்துருமேம்மா"ன்னாரு. அவர் பேர் நான் கேக்கல, கேட்டாலும் இங்க எழுதமாட்டேன். அவர் எங்கம்மா பக்கத்து சீட்டுல ஒரு தடவ ஒக்காந்து வந்தா போதும்.

இப்ப நான் கேக்குறது. மொதல்ல அந்த நோட்டீஸ கிழிங்க, எங்க மேல பழி போட்டிருக்க அந்த வரிய மட்டுமாவது. அப்புறம் கதவ தொறங்க, மொத பஸ் வர்ற நேரத்துல இருந்து கடைசி பஸ் போற வரைக்கும். சாவிய ஆபீஸ் மேசையில வச்சுக்கிட்டு ஆபீஸ் லீவுன்னு சொல்லாதீங்க, எதுத்தாப்புல கடை வச்சிருக்க பொம்பளைங்க யாருகிட்டயாவது குடுத்து வைங்க, அவங்களுக்கு மாசாமாசம் ஒரு தொகையும் குடுங்க, சும்மா செய்ய சொல்லாதீங்க. கூட்டி கழுவுறவங்க சம்பளம் பாக்கி இருந்தா அத மொதல்ல தீருங்க, அவங்கள திரும்ப வேலைக்கு கூப்புடுங்க, கையொறையும் பூட்ஸும் குடுங்க. மோட்டார சரி பண்ணுங்க, இல்லாட்டி ஒரு டேங்க் வச்சு லாரித்தண்ணியாவது ஊத்துங்க.

உள்ள டைல்ஸ் எல்லாம் கேக்கல. உள்பக்கமா போடுற மாதிரி தாழ்ப்பாள் ஒண்ணு, ஒரு லைட்டு, பேக்க மாட்ட ஒரு ஆணி, மூடி போட்ட குப்பைக்கூடை ஒண்ணு. அந்த கூடை இல்லாததுனாலதான் பாதி அசிங்கம், அத எந்த பொம்பளைகிட்ட கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பா. வயசானவங்களுக்கு கைப்பிடிக்க ஒரு கம்பி. அஞ்சு ரூபா வாங்கிக்கோங்க, குடுக்குறோம், இருபது கேக்காதீங்க.

பஸ் விடுறவங்ககிட்டயும் நீங்கதான் பேசணும். அந்த எடத்துல பத்து நிமிஷம் நிக்கணும்னு முறையா டைம்ல சேத்து குடுங்க. கண்டக்டர் அண்ணன் எரக்கப்பட்டு நிறுத்துறதும், பின்னாடி சீட்டுல இருந்து நாலு பேரு "லேட்டாகுது"ன்னு கத்துறதும், பொம்பள தலைய குனிஞ்சுக்கிட்டு எறங்குறதும் இல்லாம இருக்கும். மலைப்பாதையில இதே மாதிரி வேற எதெல்லாம் பூட்டிக் கெடக்குன்னு ஒரு தடவ பஸ்ல ஏறி வந்து பாருங்க, ஜீப்புல வேணாம். வரும்போது உங்க ஆபீஸ்ல வேல பாக்குற அம்மாமார்ல ரெண்டு பேரையாவது கூட்டிக்கிட்டு வாங்க, காலைல காபி குடிச்சுட்டு வரச்சொல்லுங்க.

தீபாவளி யாவாரம் முடிஞ்சதும் கடையில ரெண்டு நாள் லீவு விடுவாங்க. என் மக மன்னவனூர் போகணும்னு முந்தி கேட்டுக்கிட்டு இருந்தா, ஆட்டுப்பண்ணை, ஏரி எல்லாம் யாரோ பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க. இப்ப கேட்டா "பஸ்லன்னா நான் வரல"ங்கறா. எங்கம்மா அந்த பேச்ச எடுத்தாலே எந்திரிச்சு உள்ள போயிர்றாங்க. அதுக்குள்ள அந்த கதவு மேல, சாவி யார்கிட்ட இருக்கு, பூட்டியிருந்தா எந்த நம்பருக்கு பேசணும்னு ரெண்டு வரி பெருசா எழுதி வைங்க. நான் வத்தலகுண்டுலயே எறங்கி நின்னு அந்த நம்பருக்கு போன் போடுவேன், தொறந்திருக்குன்னு சொன்னாத்தான் மேல ஏறுவோம்.